ஊறுகாய் ஓடைக்காரரும் ஒரு கல்யாண வீடியோவும்

இதை அச்சுக் கோர்க்கப் போகிற தம்பிக்கு முதலில் ஒரு வார்த்தை. என்னுடைய எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ல, ள, ழ மூன்றில் எதைப் போட்டாலும் மற்ற இரண்டும் என்னோடு கோபித்துக்கொள்ளும். பொறுத்துக்கொண்டு பிழைகளைத் திருத்திவிடுங்கள். அமெரிக்கர்களின் பெயர்களில் மட்டும் கை வைக்க வேண்டாம். அவற்றை நான் ஒவ்வொன்றாக உரத்து வாசிக்க, என் சிநேகிதர் ரே கேட்டுச் சரி சொல்லியிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது. அதை எழுதலாம் என்று இருந்தேன். ஆனால் அமெரிக்காவில் ஒரு பாட்டுக் குழுவில் யார் யார் இருந்தார்கள், யார் யார் போனார்கள் என்று சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1

நான் லண்டனுக்கு வந்தது எண்பத்தைந்தில். கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டின் மாடி அறையில் மூன்று பேரோடு நாலாவது ஆளாக இருந்தேன். வேலை ரொட்டி சுடுகிற ஒரு பாண் தொழிற்சாலையில். சூடான பாண்கள் வரிசையாக வரும்; எடுத்துத் தட்டத்தில் அடுக்க வேண்டும். யாரோடும் பேசத் தேவையில்லை. எனக்கு வேறென்ன வேண்டும்? பஸ்ஸில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது அடிக்கும் தரிப்பில் இறங்கி நடந்து வருகிறவன் நான்.

தேநீர் இடைவேளைதான் கண்டம். "எந்த நாடு? எத்தனை பிள்ளைகள்?" என்று யாராவது கேட்பார்கள். எனக்கு வேர்க்கும். ரே மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் அங்கே போர்க்லிப்ட் என்கிற பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். பிறந்தது வளர்ந்தது ஸ்ட்ரெதம். அமெரிக்காவைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அமெரிக்க மாட்டுக்காரர் போடுகிற கூர்மூக்குச் சப்பாத்தோடுதான் வேலைக்கு வருவார். தலையில் தொழிற்சாலை கொடுத்த முடிவலை, காலில் அந்தச் சப்பாத்து. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் பெயரைக்கூடக் கேட்காமல், "ஆக மொத்தம், எழுபத்திரண்டில் டிரம்ஸ்காரன் போய்விட்டான்" என்று கதையை நடுவில் தொடங்கினார்.

கதை, பிக்கிள் க்ரீக் கசின்ஸ் என்ற பாட்டுக் குழுவின் கதை. அமெரிக்கக் கிராமத்துப் பாட்டுக்கு மின்சாரம் கொடுத்தால் வருவதைக் கன்ட்ரி ராக் என்கிறார்கள். பிரித்தானியாவில் இந்தக் குழுவுக்கு இருந்த ஒரே ரசிகர் சங்கத்தின் தலைவர் ரே. செயலாளரும் அவரே. அங்கத்தவர்கள் எட்டுப் பேர். அதில் ஒருவர் இறந்துவிட்டார், ஆனால் அவரை நீக்க ரேக்கு மனம் வரவில்லை.

அவரோடு பழக எனக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. காது போதுமாக இருந்தது.

2

குழுவைத் தொடங்கியது ஹார்லன், கிளெம் என்ற இரண்டு கசின்கள். ஹார்லன் பாட்டு. கிளெம் கிட்டார், இரண்டாம் குரல். பிடில் வாசித்தவர் ஒருநாள் ஞானம் பிறந்து பாதிரியாராகிவிட்டார். துணி தேய்த்து அழுத்தும் மேசைக்குக் கம்பி கட்டியது போல ஒரு வாத்தியம் உண்டு, ஸ்டீல் கிட்டார் என்பார்கள். அதை வாசித்தவர் பஸ்ஸில் ஜன்னல் பக்க இருக்கை கிடைக்கவில்லை என்று போய்விட்டார். பேஸ் கிட்டார்காரர் மட்டும் கடைசிவரை இருந்தார். அவர் யாரோடும் பேசவே மாட்டாராம். எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு.

டிரம்ஸ்காரர்கள் வந்தார்கள், போனார்கள். ரே அதைச் சொல்லும்போது குரல் தழதழக்கும். எனக்கு அது சாதாரணமாகப்பட்டது. எங்கள் மாடி அறையும் அப்படித்தானே. ஒருவர் கனடா போவார். அவர் கட்டிலுக்கு ஜெர்மனியிலிருந்து இன்னொருவர் வருவார். அவர் கலியாணம் முடித்துப் பிளேஸ்டோவுக்குப் போவார். கட்டில் அங்கேயே இருக்கும். நாங்கள் "அந்தக் கட்டிலில் இருந்தவர்" என்போம். ரே "அந்த டிரம்ஸில் இருந்தவர்" என்பார்.

எண்பதாம் ஆண்டளவில் ஹார்லனும் கிளெமும் சண்டை பிடித்துப் பிரிந்து, ஆளுக்கொரு குழு வைத்து, இரண்டு குழுவுக்கும் பிக்கிள் க்ரீக் கசின்ஸ் என்றே பெயர் வைத்தார்கள். "உலகத்தில் எங்காவது இப்படி நடக்குமா, சிவ்?" என்று ரே கேட்டார். சிவபாதம் என்ற என் பெயரை அவர் அவ்வளவுதான் சொல்வார். எங்கள் ஊர்ச் சங்கம் லண்டனில் இரண்டாகப் பிரிந்து, ஒரே பெயரில், ஒரே சனிக்கிழமையில், எதிரெதிர் மண்டபத்தில் ஆண்டு விழா நடத்தியதை அவருக்குச் சொல்ல ஆசையாக இருந்தது. ஆங்கிலம் போதவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

சண்டையால் போனது ஒரு பாட்டு. ஒரு கோவேறு கழுதையை மரப்பாலம் கடக்க வைக்கப் பார்க்கிற பாட்டு. ஒருவன் முன்னால் நின்று கயிற்றை இழுக்கிறான், அது ஹார்லன். மற்றவன் பின்னால் நின்று தள்ளுகிறான், அது கிளெம். வரிக்கு வரி குரல் மாறும். ஒருவர் தனியாகப் பாட முடியாது. பிரிந்தபின் இரண்டு குழுவிலும் அதை யாரும் பாடவில்லை. ரேயின் வாழ்க்கையில் ஒரே ஆசை, அந்த இரண்டு பேரும் சேர்ந்து கழுதைப் பாட்டைப் பாடுவதை ஒருதடவை நேரில் கேட்பது. மனைவியில்லை, பிள்ளையில்லை. அதுதான்.

இப்படி நான் படித்த ஆங்கிலம் முழுக்க அந்தக் குழுவின் வரலாறு. அதனால் வந்த வில்லங்கம் ஒன்று. அகதி விண்ணப்பத்துக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் வரப் பிந்திவிட்டார். அதிகாரி நேரம் போவதற்காக, "ஏன் உங்கள் நாட்டை விட்டு வந்தீர்கள்?" என்று கேட்டார். "ஏன் விட்டுப் போனார்" என்ற கேள்விக்கு எனக்கு ஒரேயொரு பதில்தான் ஆங்கிலத்தில் தெரியும். "சங்கீத ரீதியான கருத்து வேறுபாடு" என்றேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு வந்த மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் நேராக்குவதற்குள் அவருக்குத் தலையிடி வந்துவிட்டது. விசா தந்தார்கள். எதற்காகத் தந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

3

எண்பத்தெட்டில் மனைவி தவமணியும் மகள் சுகந்தியும் வந்து சேர்ந்தார்கள். கவுன்சிலில் வீட்டுக்கு அலைந்தபோது ரேதான் அந்தச் சப்பாத்தோடு கூட வந்து, எனக்காகப் பேசினார். வீடு கிடைத்தது. அன்றிலிருந்து தவமணிக்கு ரே என்றால் உடன்பிறப்பு மாதிரி.

இரண்டொரு வருடம் கழித்து, சுகந்தி பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் பிடித்தபின், ரே ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டபடி கசின்களின் சண்டையைச் சொன்னார். சுகந்தி மொழிபெயர்த்தாள். தவமணி கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கசின் எண்டால் என்ன முறை? மச்சானோ, சகோதரமோ?"

"அம்மா, கசின் இஸ் கசின். இங்க அவ்வளவுதான்."

"அதெப்பிடி அவ்வளவுதான்? மாமன் பிள்ளை எண்டால் சண்டை பொம்பிளை விஷயம். சித்தி பிள்ளை எண்டால் காணி விஷயம். முறை தெரியாமல் என்னெண்டு சமாதானம் பண்ணுறது?"

இத்தனை வருடம் அந்தக் குழுவைப் படித்த ரேக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுப் போய், அமெரிக்காவில் உள்ள தலைமை ரசிகர் சங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தார். மறுநாள் ஓடி வந்தார். தாய்மார் இருவரும் அக்கா தங்கை. ஹார்லன் மூத்தவரின் மகன்.

"அப்ப அண்ணன் தம்பி," என்றாள் தவமணி. "அண்ணன் தம்பிக்குள்ளை என்ன சண்டை வேண்டியிருக்கு? ஊறுகாய்க்காரர் ரெண்டு பேரையும் இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் கதைக்கிறன்."

பிக்கிள் என்றால் ஊறுகாய், க்ரீக் என்றால் ஓடை என்று மகள் சொல்லிக் கொடுத்ததிலிருந்து எங்கள் வீட்டில் அவர்களுக்கு அதுதான் பெயர்.

வருடங்கள் போயின. சுகந்தி வளர்ந்தாள். எங்களோடு ஆங்கிலத்திலும் தன்னோடு மௌனத்திலும் பேசத் தொடங்கினாள். நான் பஸ்ஸில் ஏறினால் அவள் அடுத்த பஸ்ஸில் வருவாள். அமெரிக்காவில் கசின்களுக்கும் வயது போய்விட்டது. தனித்தனியாக மண்டபம் நிரம்பவில்லை என்று திரும்பவும் சேர்ந்தார்கள். ஆனால் பேச்சில்லை. மேடையில் ஒருவர் இந்தத் தொங்கலில், மற்றவர் அந்தத் தொங்கலில். நடுவில் தரையில் வெள்ளை நாடா ஒட்டியிருக்கும். கழுதைப் பாட்டு கிடையாது.

4

இந்த வருடம் சித்திரையில் ரே ஒருநாள் முடிவலையோடு தொழிற்சாலைக்கு வெளியே என்னிடம் ஓடி வந்தார். கசின்ஸ் ஐரோப்பாவுக்கு வருகிறார்கள். ஒரு சனிக்கிழமை லண்டனில் சும்மா இருக்கப் போகிறார்கள். ஒரு மண்டபமும் சனமும் இருந்தால் வந்து பாடுவார்களாம். மண்டபம் எடுத்தாயிற்று. சனம்?

"சிவ், உன்னால் ஆட்களைக் கூட்ட முடியுமா?"

எட்டுப் பேர் கொண்ட சங்கத்தின் தலைவர், பஸ்ஸில் மணி அடிக்காதவனைப் பார்த்துக் கேட்டார். மாட்டேன் என்று சொல்லவும் எனக்குக் கூச்சம். வீட்டுக்குப் போய்த் தவமணியிடம், "ரேயின்ரை நிகழ்ச்சி ஒண்டு. ஆக்கள் வேணுமாம்," என்று மட்டும் சொன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். தவமணி குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "எங்கடை ரே அண்ணை வீட்டு விசேஷம், கட்டாயம் குடும்பத்தோடை வரவேணும்" என்று அழைத்துவிட்டாள். என்ன விசேஷம் என்று ஒருவரும் கேட்கவில்லை. குங்குமம் தந்து அழைத்தால் போகிறதுதானே. வீடியோவுக்குக் குணம் அண்ணையையும் பேசிவிட்டாள். லண்டனில் தமிழ்க் கலியாணம் எதுவென்றாலும் வீடியோ அவர்தான்.

நிகழ்ச்சி ஆறு மணிக்கு. ஆறு மணிக்கு மண்டபத்தில் நாங்களும் ரசிகர் சங்கமும் மட்டும். ஹார்லன் உயரமாக, நரைத்த தாடியோடு இந்தத் தொங்கலில் நின்றார். கிளெம் கட்டையாக, தொப்பியோடு அந்தத் தொங்கலில் நின்றார். ஏழு மணிக்கும் அப்படியே. ரே பாண் மாவைப் போல வெளுத்துவிட்டார்.

"அவர்கள் திரும்பிப் போகப் போகிறார்கள், சிவ்."

"எங்கடை ஆக்களுக்கு ஆறு எண்டால் எட்டு," என்று நான் சுகந்தியிடம் சொன்னேன். அவள் ரேக்குச் சொன்னாள். அவர் நம்பவில்லை.

எட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மண்டபக் கதவு இரண்டு பக்கமும் திறந்தது. காஞ்சிபுரம் சேலைகள், கோட்டு சூட்டு, பட்டுப்பாவாடைப் பிள்ளைகள், தள்ளுவண்டிக் குழந்தைகள். நிறைகுடம், பன்னீர்ச்செம்பு சகிதம் தவமணி வாசலில். அவள் மேடைக்கும் போய் ஹார்லன் மேல் பன்னீர் தெளித்தபோது அவர் மழை என்று நினைத்துக் கூரையைப் பார்த்தார். குழு பாடத் தொடங்கியது. சனம் மரியாதையாக உட்கார்ந்து, மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டபடி, ஒருவரையொருவர் கேட்டது.

"மாப்பிளை ஆர்?"

"அந்த உயரமானவராக்கும்."

"வயசு போனவராய் இருக்கிறார்."

"இரண்டாந் தாரமாக்கும். வாயை மூடுங்கோ."

இரண்டு பாட்டு முடிந்தது. எங்கள் ஆட்களுக்கு அது போதும். மண்டபத்துக்கு வந்தால் மேடையில் ஏறிப் படம் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. குடும்பம் குடும்பமாக எழுந்து மேடைப் படியில் வரிசையில் நின்றார்கள். குணம் அண்ணை லைட்டைப் போட்டார். மேடையின் பின்னால் முதல்நாள் கலியாணத்தின் இரண்டு சிவப்புச் சிம்மாசனக் கதிரைகள் இருந்தன. அவற்றை இழுத்து நடுவில், அந்த வெள்ளை நாடாவின் மேலேயே போட்டார். "ரெண்டு பேரும் இருங்கோ. கிட்ட, கிட்ட. சிரியுங்கோ," என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். குணம் அண்ணை சொன்னால் மாப்பிள்ளைகள் கேட்பார்கள். அமெரிக்கர்களும் கேட்டார்கள்.

டிரம்ஸ்காரர் தட்டுவதை நிறுத்தினார். ஒரு குடும்பம் வந்து இரண்டு பக்கமும் நின்று, படம் எடுத்து, கை குலுக்கி, "நல்லாயிருங்கோ" என்று சொல்லி இறங்கும். அடுத்த குடும்பம் ஏறும். பதினேழு வருடம் பேசாத இரண்டு பேர் தோளோடு தோள் முட்டியபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, ப்ளீஸ். ஸ்டொப் தெம். ஐ வோன்ட் டு டை," என்றாள் சுகந்தி.

நான் எப்படி நிறுத்துவது? அந்த நேரம் மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து, தன் வாசலை மறித்து ஒரு வான் வண்டி நிற்கிறது என்று சத்தம் போட்டாள். வான் மட்டுமல்ல, தெரு முழுக்க எங்கள் ஆட்களின் வாகனங்கள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகச் செருகியிருந்தன. ரே ஓடினார். போர்க்லிப்ட்காரர் அல்லவா, கையைக் காட்டிக் காட்டி ஒவ்வொன்றாகப் பின்னுக்கு எடுக்கவைத்தார்.

எங்கள் முறை வந்தது. தவமணி மேடையில் ஏறினாள். படத்துக்கு நிற்காமல் கிளெமின் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, மூத்தவரோடை முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறது நல்லாயில்லை. தாய்மார் ரெண்டு பேரும் கூடப்பிறந்ததுகள். அதுகள் பார்த்தால் என்ன பாடுபடும்? நீங்களுந்தான்," என்று ஹார்லன் பக்கம் திரும்பினாள். "மூத்தவர் எண்டால் விட்டுக்குடுக்க வேணும்."

கிளெம் தொப்பியைக் கழற்றினார். "அம்மா என்ன சொல்கிறார்?" என்று சுகந்தியிடம் கேட்டார். அவள் நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "உங்கள் அம்மாமார் கவலைப்படுவார்களாம்."

இரண்டு பேரும் தலை குனிந்தார்கள். அதேநேரம் பின்னால் நின்ற குடும்பத்தார் தங்கள் கைக்குழந்தையைப் படத்துக்காகக் கிளெமின் மடியில் இருத்தினார்கள். குழந்தை அவரை ஒருமுறை பார்த்தது. பிறகு நிதானமாக, முழுதாக, அவர் மடியை நனைத்தது.

ஹார்லன் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு, தாடியெல்லாம் ஆடியது. கிளெம் நனைந்த காற்சட்டையோடு அவரைப் பார்த்தார். பிறகு அவருக்கும் வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கும்போது ஹார்லன் மெல்ல ஒரு வரியை எடுத்தார். கயிற்றை இழுக்கிறவனின் வரி. கிளெம் குழந்தையை மடியிலிருந்து இறக்காமலே தள்ளுகிறவனின் வரியைப் பாடினார். பேசாத பேஸ்காரர் ஓடிப்போய்க் கிட்டாரைத் தூக்கினார்.

நான் படியிறங்கி ஓடினேன். வாழ்க்கையில் நான் ஓடியது குறைவு. வெளியே தெருக்கோடியில் ரே ஒரு டொயோட்டாவைப் பின்னுக்கு வரச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தார். "ரே! மியூல்!" என்று கழுதையின் ஆங்கிலப் பெயரைக் கத்தினேன். அவர் டொயோட்டாவை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஓடி வந்தார். அந்தச் சப்பாத்து ஓடுகிற சப்பாத்து இல்லை. நாங்கள் கதவைத் திறந்தபோது சனம் கை தட்டிக்கொண்டிருந்தது. ஹார்லனின் கை கிளெமின் தோளில் இருந்தது. பாட்டு முடிந்துவிட்டது.

5

இன்னொருமுறை பாடச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் அத்தனை வருடம் அவர்களைப் பற்றி ஓயாமல் பேசிய ரே, அவர்கள் முன்னால் போய் நின்றதும் வாயைத் திறக்க முடியாமல் நின்றார். எனக்கு அந்த நிற்பு நன்றாகத் தெரியும். கிளெம் கை குலுக்கினார், "அருமையான குடும்பம் உங்களுக்கு" என்றார், போனார். ஊருக்குப் போனதும் கிளெமுக்குக் கையில் வாதம் வந்து குழுவைக் கலைத்துவிட்டார்கள். இந்தமுறை சண்டையில்லை. இருவரும் இப்போது சேர்ந்து மீன் பிடிக்கிறார்களாம்.

"பரவாயில்லை," என்றார் ரே. "வீடியோ இருக்கிறதே."

வீடியோ வரும்வரை அவர் ஒவ்வொரு தேநீர் இடைவேளையிலும் அதை மட்டுமே கேட்டார். குணம் அண்ணையிடம் கலியாணம் முடித்தவர்கள் பிள்ளை பிறந்தபிறகுதான் வீடியோக் கொப்பியைக் கண்டிருக்கிறார்கள். எங்களுக்குப் புரட்டாதி கடைசியில் தந்தார்.

போன ஞாயிறு ரேயின் வீட்டில் எல்லோரும் கூடினோம். உயிரோடிருக்கிற ரசிகர்கள், நான், தவமணி, மொழிபெயர்க்க வேண்டாவெறுப்பாகச் சுகந்தி. ரே கொப்பியைப் போட்டார். முதலில் ஒரு ரோசாப்பூ விரிந்தது. அதற்குள் ஹார்லனின் முகம். இன்னொரு ரோசாப்பூ, கிளெம். இரண்டும் சேர்ந்து ஒரு இதயமாகின. பின்னணியில் நாதஸ்வரம்.

நாதஸ்வரம் நிற்கவேயில்லை. படம் எடுக்கிற இடம் வந்தது, தவமணி ஏசுகிற இடம் வந்தது, குழந்தை வந்தது, நாதஸ்வரம். ஹார்லன் வாயைத் திறந்தார், கெட்டிமேளம் கொட்டியது.

நான் குணம் அண்ணைக்குப் போன் எடுத்தேன். நானே எடுத்தேன்.

"அண்ணை, அவையள் பாடின சத்தம் எங்கை?"

"அதோ? அது ஒரே இரைச்சல் தம்பி. துப்புரவாய் அழிச்சுப்போட்டு நல்ல நாதஸ்வரம் போட்டு விட்டிருக்கிறன். காசு கூட வேண்டாம், என்ரை அன்பளிப்பு."

நான் சொன்னேன். சுகந்தி மொழிபெயர்த்தாள். இந்தமுறை மெதுவாக, ரேயின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

ரே கொப்பியைப் பின்னால் ஓட்டி, ஹார்லன் வாயைத் திறக்கும் இடத்தில் விட்டார். பிறகு, படத்தில் ஹார்லனின் உதடு அசைய அசைய, நாதஸ்வரத்துக்கு மேலால் அவரே பாடத் தொடங்கினார். குரல் ஒன்றும் பெரிய குரல் இல்லை. கயிற்றை இழுக்கிற வரி முடிந்தது. கிளெமின் வாய் திறந்தது. ரே நிறுத்திவிட்டார். அந்த வரி அவருடையது இல்லை. ரசிகர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

நான் எழுந்து நின்றதை நின்றபிறகுதான் கண்டேன். "தள்ளுகிறேன், தள்ளுகிறேன், அசையாமல் நிற்கிறது" என்ற அந்த ஆங்கில வரியை எத்தனை தேநீரோடு கேட்டிருப்பேன். பாடினேன். "ஓ மை கோட், அப்பா," என்று சுகந்தி தலையணையால் முகத்தை மூடினாள். ரே திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் உட்கார்ந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். அடுத்த வரியை அவசரமாக எடுத்தார். நான் தள்ளினேன். அவர் இழுத்தார். நாதஸ்வரம் தன் பாட்டில் போனது. கடைசிவரை கழுதை பாலத்தைக் கடக்கவில்லை; பாட்டே அப்படித்தான்.

தவமணி கை தட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். ரே கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொப்பியைப் பின்னால் ஓட்டினார்.

"சிவ், இரண்டாவது இடத்தில் நீ கொஞ்சம் முந்துகிறாய்," என்றார். "கிளெம் அங்கே ஒரு மூச்சு விடுவார். எழும்பு, திரும்பவும்."

கோலியர்ஸ் வுட், லண்டன்.
1997 ஐப்பசி 12, ஞாயிற்றுக்கிழமை.